ஆலங்குடாவில் மேல்மாடி வாடகைக்கு

வாடகை குறைந்த வீட்டுக்கு வருகிறவர்கள் வேறு எதையும் குறைத்துக் கொண்டு வருவதில்லை; ஆளையும் சரி, வாயையும் சரி. ஆலங்குடாக் கடற்கரையில் எங்கள் வீட்டு மேல்மாடியைப் பெரிய குடும்பங்களுக்கு விடுமுறைக்குக் கொடுக்கிறேன். என்னைப்போல் சாவியோடு வாசலில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கதைகள் புதிதாக இராது. ஒரு ஆறுதலுக்குத்தான் சொல்கிறேன்.

பத்துப் பேர்

கொழும்பிலிருந்து ஒருவர் போன் எடுத்து, "பத்துப் பேர்தான் ராத்தா" என்றார். வேன் வந்தது, பத்துப் பேர் இறங்கினார்கள். பின்னாலேயே ஒரு பஸ்ஸும் வந்து நின்றது.

அந்தியில் எல்லாரும் கடலில் குளித்துவிட்டு, உப்பைக் கழுவ மேலே ஏறினார்கள். தண்ணீர்த் தாங்கி வறண்டுபோனது. நல்ல தண்ணீர் எங்களுக்குப் பவுசர் லொறியில்தான் வரும். சமைக்க வைத்திருந்த குடத்தையும் மேலே அனுப்பிவிட்டு, என் பிள்ளைகளுக்குப் பாண் வாங்கிக் கொடுத்தேன். பொறுக்க முடியாமல், பத்துப் பேரெண்டீங்களே என்று அவரிடம் போய்க் கேட்டேன். மீசை முளைத்த நாலைந்து பேர் துவாயோடு வரிசையில் நிற்க, அவர்களைக் காட்டிச் சொன்னார்: "சின்னப் பிள்ளைகளையும் ஆளெண்டு எண்ணுவீங்களா, ராத்தா?"

எந்த ஊர்?

இன்னொரு குடும்பத்தில் ஒரு டீச்சர். கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, எந்த ஊர் என்று அன்பாகக் கேட்டார். மன்னார் என்றேன். தொண்ணூறாம் ஆண்டு, போர்க்காலத்தில் அங்கிருந்த முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றியபோது நான் கைக்குழந்தை. கிணறும் முருங்கையுமாக இருந்த கல்வீட்டை விட்டுவிட்டு, வாப்பா எங்களைப் படகில் ஏற்றினாராம். இங்கே முகாமில் ஓலைக் குடிசையில்தான் வளர்ந்தேன். அந்த வீட்டைத் திரும்பப் பார்க்காமலே வாப்பா மவுத்தாகிவிட்டார்.

டீச்சரின் கண் கலங்கியது. கேட்க ஒரு மனுசியாவது கிடைத்தாரே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த வீடும் கடற்கரையிலயா? இதவிட மலிவா எடுக்கலாந்தானே?"

விட்டுப்போன சாமான்

இரண்டு வேனில் வந்த குடும்பம் ஒன்று, காலையிலேயே புறப்பட்டுப் போனது. கழுவலாம் என்று மேலே போனால், உள்ளறைக் கட்டிலில் அவர்களுடைய வாப்பா உட்கார்ந்திருக்கிறார். தலையில் தொப்பி, மடியில் பை.

"எல்லாரும் ஏறிட்டாங்களா, மகள்?"

அவருடைய மகனுக்குப் போன் எடுத்தேன், வேலை செய்யவில்லை. இடியப்பம் வைத்தேன். "இப்ப வந்துருவாங்க" என்று தட்டைத் தள்ளி வைத்தார். கடலால் வந்த என் கணவர், வலையைக்கூட உதறாமல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் கதை கதைத்தார். மனுசனின் கண் மட்டும் ரோட்டை விட்டு அசையவில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு வேன் திரும்பி வந்தது. வாப்பா அடுத்த வேனில் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள். அவர்கள் இதில் என்று. கிழவர் அவசரமாக எழும்பிப் பையைத் தூக்கினார். மகன் அவரைக் கண்டு திகைத்து நின்றான். பிறகு சிரித்தபடி என்னிடம் சொன்னான்: "போன் செத்துப்போச்சு, ராத்தா. மேல விட்ட சார்ஜர எடுக்கத்தான் மதுரங்குளியில இருந்து திரும்பினோம். நல்ல காலம், வாப்பாவும் கிடைச்சார்."

வீடு கழுவுகிற மருந்து எந்தக் கடையிலும் இருக்கிறது. காது கழுவுகிற மருந்தைத்தான் இன்னும் ஒருவரும் விற்கக் காணவில்லை.