தியேட்டருக்கு வந்த முடிச்சவிழ்க்கி

1. படம் காட்டாத தியேட்டர்

"தியேட்டருக்கு ஆள் எடுக்கிறாங்களாம்" என்று ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். டிக்கெட் கிழிக்கிற வேலை என்று நினைப்பு. போய்ச் சேர்ந்த இடம் ஆஸ்பத்திரி. மலைநாட்டில் ஒரு சின்ன டவுன் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். எண்பதுகளின் தொடக்கம் அது.

நான் எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குள் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளியிருந்தேன். நல்லதண்ணியில் மலையேறுகிற சீசனுக்கு ரொட்டி தட்டியிருந்தேன். லொறி கிளீனராகவும் இருந்து பார்த்தாயிற்று. ஓர் இடத்தில் கால் தரிக்காது. பசி வந்தால் வேலை தேடுவேன், வேலை அலுத்தால் பசியைத் தேடிப் போவேன்.

ஒப்பரேஷன் தியேட்டருக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் அக்னஸ். தோட்டத்துக் கங்காணி ஒருவரின் மகள். குரலும் கங்காணிக் குரல்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெருப்போட பழக்கம் இருக்கா?"

"டிரையர் அடுப்புல நின்னிருக்கேன் சிஸ்டர்."

"அப்ப உள்ள வா. இங்க படம் ஓடாது. நீ படம் காட்டுனாலும் வெளிய ஓட்டிருவேன்."

எனக்குக் கிடைத்தது ஓட்டோகிளேவ் வேலை. தியேட்டருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் மண்ணெண்ணெய் அடுப்பு, அடுப்பின் மேல் ஆள் உயரத்துக்குப் பாதி வரும் இரும்பு டிரம். பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொக்டர் போடும் கவுண், நோயாளிக்குப் போர்த்தும் துணி, துடைக்கும் துணி எல்லாவற்றையும் தடித்த பச்சைத் துணியில் பொதியாகச் சுற்றி, நாடாவால் முடிச்சுப் போட்டு டிரம்முக்குள் அடுக்க வேண்டும். ஆவியில் வெந்து, உள்ளேயே காய்ந்து, பொதி வெளியே வரும். அந்த முடிச்சை ஒப்பரேஷன் நேரத்தில் தியேட்டருக்குள் வைத்து நர்ஸ் மிஸிதான் அவிழ்க்கலாம். வழியில் யாராவது அவிழ்த்துவிட்டால் சிஸ்டர் கணக்கில் அது அழுக்குத் துணி. அப்படி அவிழ்ந்த பொதிக்குள் பூச்சி எதுவும் தெரிகிறதா என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, "ஒன் கண்ணுக்குத் தெரியிற அளவுக்குக் கிருமி வளந்தா, அது ஒனக்குக் குட்மோனிங் சொல்லும்" என்றார்.

2. கட்டினதும் அவிழ்க்கிறதும்

அந்த நாட்களில் தோட்டங்களிலிருந்து பெண்களை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, பிள்ளைப் பேற்றை நிறுத்தும் ஒப்பரேஷன் செய்வார்கள். தோட்டத்தில் அதற்கு 'கட்டுறது' என்று பெயர். "அவ கட்டிக்கிட்டா", "நான் இன்னும் கட்டல" என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு வந்த வம்பெல்லாம் இந்தச் சொல்லால் வந்தது.

பாக்கியம் என்ற பெண் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கட்டிக்கொண்டவள். கொழுந்து எடுப்பவள். ஒரு மழைக்காலத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். அதற்கு மேல் அவளும் யாரிடமும் சொன்னதில்லை, நானும் எழுதவில்லை.

அப்போது கண்டியிலிருந்து மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சிங்கள டொக்டர் வந்துபோவார். வெளிநாட்டில் படித்தவர். கட்டிய கருக்குழாயை மறுபடி பொருத்திவிடுகிற ஒப்பரேஷன் அவருக்குத் தெரியும். பாக்கியத்தை, தேயிலை பெக்டரியில் வேலை செய்த அவளுடைய புருஷன் சன்னாசி அவரிடம் கூட்டிக்கொண்டு வந்தான்.

"ஐயா, கட்டுனத அவுத்துவுடத்தானே வேணும்? ஒரு இழுப்புல வந்துருமுங்களா?"

டொக்டருக்குத் தமிழ் துண்டு துண்டாகத்தான் வரும். சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் சன்னாசியின் பக்கம் திரும்பினார்.

"அவுத்துவுட அது என்ன கொழுந்துக் கூடைக் கயிறா? குழாயை அறுத்துல்ல கட்டியிருக்காங்க. ஒங்க லயத்துப் பீலிக்கு வர்ற குழாய் ஒடஞ்சா எப்படிப் பொருத்துவீங்க?"

"ரெண்டு ஓட்டையும் நேராப் பாத்து வச்சு, சுத்தி இறுக்குவோமுங்க."

"அதேதான். ஆனா இந்தக் குழாய் ஓட்டைக்குள்ள ஊசி நொழையிறதே கஷ்டம். பொருத்துற நேரம் கிருமி போச்சுன்னா, சீழ் வச்சு, உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைச்சுப்புடும். அப்புறம் திரும்பத் தொறந்து பொருத்த ஏலாது. இது ஒரு தடவ வேலை. வெளங்குதா?"

"வெளங்குதுங்க" என்றான் சன்னாசி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

முதல் தடவை வந்தபோது பாக்கியத்தின் காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. காலில் புண் இருந்தால் வயிற்றைத் திறக்க முடியாது, அந்தக் கிருமி ரத்தத்தோடு எங்கேயும் போகும் என்று டொக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் புண் ஆறி வந்தாள். ஆனால் டொக்டருக்கு அதற்குள் மாற்றல் வந்துவிட்டது. அன்றைக்கு விட்டால் அவர் மறுபடி வரப்போவதில்லை. இன்னொரு டொக்டரைத் தேடிக் கொழும்புக்குப் போகிற வசதி சன்னாசிக்கு இந்த ஜென்மத்தில் இல்லை.

3. ஆட்டில் தொடங்கியது

ஒப்பரேஷன் நாள் காலையில் முதலில் அவிழ்ந்தது ஆடு. காவல்காரர் மஜீது நானா கேட்டருகில் கட்டி வைத்திருந்த ஆடு, சிஸ்டர் வளர்த்த டேலியாப் பூக்களை மேய்ந்துகொண்டிருந்தது. நானா, "நான் கட்டின கட்டு அவுறாது, அல்லா மேல ஆணை" என்று கத்திக்கொண்டே ஆட்டைத் துரத்தினார்.

அடுத்து நோயாளிகள் படுக்கிற வாட்டில் ஜன்னல் திரை விழுந்தது. பிறகு கொசுவலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு பெரியம்மா வலைக்குள் மாட்டிக்கொண்டு, "என்னையப் பொதைக்கிறதுக்கு முன்னாடி டொக்டரக் கேளுங்கடி" என்று கூப்பாடு போட்டாள். காற்று பலமாக இருக்கிறது என்று மிஸிமார் பேசிக்கொண்டார்கள்.

பொதிகளை நான் அதிகாலையிலேயே வேகவைத்து இறக்கி, கொட்டகையில் தள்ளுவண்டியில் அடுக்கி வைத்திருந்தேன். தியேட்டரிலிருந்து கூப்பிட்டதும் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். மண்ணெண்ணெய் எடுக்க ஸ்டோருக்குப் போய்வந்தால், வண்டிக்கு முன்னால் சன்னாசி நிற்கிறான். கையில் ஒரு நாடா. எல்லாப் பொதிகளும் கட்டவிழ்ந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"என்னய்யா பண்ற?"

"முடிஞ்சிருச்சுண்ணே. இதுதான் கடைசி" என்றான். நல்ல காரியம் செய்து முடித்தவனின் முகம்.

சன்னாசியின் லயத்தில் பிள்ளை வலி இழுத்துக்கொண்டு கிடந்தால், டிரங்குப் பெட்டிப் பூட்டைத் திறந்துவிடுவார்களாம். துணி காயப்போடும் கொடிக் கயிற்றை அவிழ்ப்பார்களாம். மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் தளர்த்துவார்களாம். சுற்றிவர ஒரு கட்டும் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கட்டும் விட்டுக்கொடுக்கும் என்பது கணக்கு. பிள்ளை வலிக்கே அப்படியென்றால், முடிச்சை அவிழ்க்கிறதற்கென்றே செய்யும் ஒப்பரேஷனுக்கு எவ்வளவு அவிழ்க்க வேண்டும்! விடிந்ததிலிருந்து அவன் ஆஸ்பத்திரி முழுக்க உழைத்திருக்கிறான்.

சத்தம் கேட்டு வந்த சிஸ்டர், வண்டியைப் பார்த்தார்.

"அட முடிச்சவுக்கி!"

ஊரில் ஜேப்படிக்காரனைத் திட்டுகிற வார்த்தை அது. சன்னாசி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

"ஆமாங்க சிஸ்டர். ஒண்ணு விடல."

"ஆடும் நீதானா?"

"வாயில்லா சீவன், கட்டிக் கெடந்துச்சுங்க."

"இடுப்பில இருக்கிற சாரத்தையாவது விட்டு வச்சியே, புண்ணியமாப் போகும்."

சன்னாசி கூச்சத்தோடு சாரத்தைப் பிடித்துக்கொண்டான். "நெனச்சேங்க. பொம்பளைங்க இருக்கிற எடமாச்சேன்னு…"

என்னோடு வேலை செய்த பியசேன என் காதருகே வந்தான். "மச்சான், திரும்பக் கட்டிப்போடு. யாரு பார்த்தா?"

பார்வைக்குத் துணிகள் சுத்தமாகத்தான் இருந்தன. ஒரு தூசி இல்லை. பியசேன சொன்னது சிஸ்டருக்கும் கேட்டது. அவர் வானத்தைப் பார்த்தார். மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. பனி மூடுவதற்குள் டொக்டர் கணவாய்ப் பாதையைத் தாண்ட வேண்டும். மறுபடி வேகவைப்பதென்றால் பாதிப் பகல் போய்விடும். அவர் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் பாக்கியத்துக்கு எல்லாம் முடிந்தது.

சிஸ்டர் நேரே பாக்கியத்திடம் போனார். தியேட்டர் வாசலில் கட்டிலில் படுத்திருந்த அவளிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பாக்கியம் முதலில் புருஷனைத்தான் பார்த்தாள்.

"ஒன்னைய வாட்டுலயே குந்துன்னுதானே சொன்னேன்? எவன் ஒன்னைய வேல செய்யச் சொன்னது?"

பிறகு சிஸ்டரிடம் சொன்னாள்: "ரெண்ட மண்ணு மூடிருச்சு சிஸ்டர். இனி வரப்போறத அழுக்கு வச்சு அடைச்சுப்புடாதீங்க. அந்தத் துணி வேணாம். டொக்டரு போறதுன்னா போகட்டும். நான் காத்துக்கிட்டுப் படுத்திருக்கேன்."

டொக்டர் வந்து கேட்டார், "யாரு அவுத்தது?"

"நாந்தாங்க ஐயா. ஒங்களுக்கு வேல கொறையட்டும்னு."

"அப்ப உள்ள இருக்கிறதும் நீயே அவுத்தாச்சா? நான் வீட்டுக்குப் போகவா?"

செய்தது என்னவென்று சன்னாசிக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படியே அவர் காலில் விழப் போனான். டொக்டர் விலகிக்கொண்டார். "எனக்குக் கிட்ட வராதே. நான் கை கழுவணும். டிரம் போடச் சொல்லு. நான் தே குடிக்கிறேன். ஆனா துணி ஈரமா வந்தா, நான் தொடமாட்டேன். ஹரித, சரியா?"

4. காய வேண்டும்

அன்றைக்கு அடுப்பு என் பொறுமையைச் சோதித்தது. குளிரில் சுடர் எழும்பவில்லை. டிரம்முக்குள் இருக்கும் காற்று முழுக்க வெளியேறிய பிறகுதான் ஆவியை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்டர் முள் சூடு காட்டும், நடுப் பொதிக்குள் சூடு போயிருக்காது. அதன் பிறகு வேக வேண்டும். வெந்த பிறகு ஆவியை விட்டு, மூடியைச் சற்றே திறந்து, உள்ளேயே காயவிட வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடுகிற இடம் இந்தக் கடைசிதான்.

சன்னாசி கொட்டகை வாசலில் குந்தியிருந்தான். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கும்படி சிஸ்டர் உத்தரவு.

"அண்ணே, வெந்திருச்சுல்ல? எடுத்துருங்களேன். பனி எறங்குதுண்ணே."

"ஈரத் துணியா எடுத்தா, வெளிய இருக்கிற கிருமி ஈரத்தோட ஊறி உள்ள போயிரும். நீ பெக்டரியில எங்க வேல?"

"டிரையர்லண்ணே."

"தூளு அரை ஈரமா எறங்குனா ஒங்க பெக்டரி டீமேக்கர் என்ன செய்வாரு?"

"என்னையும் சேத்து டிரையர்ல போடுவாரு."

"அப்ப குந்து."

அதற்குப் பிறகு அவன் அவசரப்படவில்லை. அதுமட்டுமல்ல, மற்றவர்களையும் விடவில்லை. பியசேன எட்டிப் பார்த்துக் கேட்டபோது, "காயல" என்றான். சிஸ்டரே வந்து, "ஆச்சா?" என்று கேட்டபோதும், கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுக்காமல், "இன்னும் காயலைங்க சிஸ்டர், பச்ச வாடை அடிக்குது" என்றான். சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

பொதியை இறக்கித் தொட்டுப் பார்த்தேன். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. டொக்டர் கோப்பைக்கு மேல் கோப்பை தேநீர் குடித்துவிட்டு, "தேயிலை விளையிற ஊரில இப்படி ஒரு தே" என்று நொந்துகொண்டு எழுந்தார்.

பூதக்கண்ணாடி வைத்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைமுடியை விட மெல்லிய நூலால் தைத்தார் என்று மிஸிமார் சொன்னார்கள். கையுறைக்குள் கை சுலபமாக நுழைவதற்கு நான் தாராளமாகப் பவுடர் போட்டு வைப்பேன். அதையும் உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் வயிற்றில் கை வைத்தாராம். பவுடர் உள்ளே விழுந்தால் அதுவே ஒட்டுப் போட்டு அடைத்துவிடுமாம். அன்றிலிருந்து பவுடர் விஷயத்தில் நான் கஞ்சனாகிவிட்டேன்.

டொக்டர் காரில் ஏறும்போது மூடுபனியில் முன்னால் நின்ற மரம் தெரியவில்லை. லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

5. வரவேண்டிய இடம்

அடுத்த நாட்களில் எல்லோருடைய கண்ணும் தேர்மாமீட்டரில்தான். காய்ச்சல் ஏறினால் உள்ளே சீழ் என்று அர்த்தம். ஏறவில்லை. தையல் பிரித்த இடமும் காய்ந்திருந்தது.

டொக்டர் ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொருத்திய குழாயில் பிள்ளை வழியிலேயே தங்கிவிடக்கூடும். அப்படித் தங்கினால் குழாய் வெடித்துத் தாயின் உயிருக்கே ஆபத்து. அதனால் மாதவிலக்கு தள்ளிப்போனால், வலி இல்லாவிட்டாலும் உடனே வர வேண்டும்.

சில மாதங்கள் கழித்து, கொழுந்து லொறியில் மூட்டைகளுக்கு நடுவே இருவரும் வந்து இறங்கினார்கள். தள்ளிப் போயிருந்தது. பாக்கியத்தை வாட்டில் வைத்து, லேடி டொக்டர் நாளுக்கு நாள் பார்த்தார். அவள் வயிற்றை ஒரு பக்கமாகப் பிடித்தாலே நாங்கள் லேடி டொக்டரைத் தேடி ஓடுவோம். சன்னாசி என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்: "வழியில நிக்குதாண்ணே, வீட்டுக்கு வந்துருச்சாண்ணே?" நான் துணி சுற்றுகிறவன், எனக்கென்ன தெரியும்.

ஒரு காலை சிஸ்டர் வராந்தாவுக்கு வந்தார். முகத்தை இறுக்கி வைத்திருந்தார். பிறகு முடியவில்லை.

"வழியில எங்கயும் நிக்கல. வரவேண்டிய எடத்துல வந்து குந்தியிருக்கு."

சன்னாசி தரையில் உட்கார்ந்து அழுதான். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"சிஸ்டர், இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே செஞ்சிராதப்பா. அதுதான் நீ செய்யிற பெரிய ஒதவி."

அந்த வேலையிலும் நான் நிலைக்கவில்லை. இன்னும் எத்தனையோ வேலைக்குப் போனேன். எங்கே போனாலும் "யாரு பார்த்தா?" என்று கேட்கிற பியசேன ஒருவன் பக்கத்தில் இருந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அவன் பீடி கொடுத்தவன். புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு, தங்கச்சிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அவன் கேட்கிறது சரி, யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவள் மயக்க மருந்தில் கண்ணை மூடிக் கிடக்கிறாள். அதனால்தான் சந்தேகம் வந்த பொதியை மறுபடி வேகவைக்கிறோம்.