பென் டிரைவில் ஏறாத ஆறு பந்துகள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான வேலை ஒன்றைச் செய்தேன். முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்!

செய்து பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இந்தியா ஆடிய கிரிக்கெட் பைனல் முடிந்த சூடு ஆறுவதற்குள்?

எங்கள் வீட்டுக் கீழ் போர்ஷனில் குடியிருப்பவர் சேவியர். திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். அவர் மனைவி ஸ்டெல்லா, வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். சேவியருக்கு கிரிக்கெட் என்றால் உயிர். ஸ்டெல்லாவுக்கு அது சீரியல் நேரத்தைத் தின்கிற வியாதி. இந்தியா தோற்றால் அன்றைக்கு சேவியர் ராத்திரி சாப்பாடு சாப்பிட மாட்டார். யாரோடும் பேசவும் மாட்டார்.

பைனல் நடந்தது கடல் கடந்த நாட்டில். நம் நேரப்படி காலையில் தொடங்கி மதியம் முடிந்துவிடும். அன்று பார்த்து சேவியருக்கு ஞாயிறு டியூட்டி! அவசர வேலை, லீவு கிடையாது. உள்ளே போனும் கொண்டு போகக் கூடாது.

"கவலையே இல்ல சார். பாக்ஸ் பாத்துக்கும்" என்றார்.

பாக்ஸ் என்றால் செட்டாப் பாக்ஸ். எங்கள் மொட்டை மாடியில் ஒரு குடை டிஷ் இருக்கிறது. மாதச் சந்தா கிடையாது; வானத்திலிருந்து இலவசமாக என்ன இறங்குகிறதோ அதைப் பிடித்துக் கொடுக்கும். இந்தியா ஆடும் பெரிய மேட்ச்கள் அதில் வந்துவிடும். பாக்ஸின் பின்னால் ஒரு பென் டிரைவைச் செருகி டைமர் வைத்துவிட்டால் போதும்... நாம் எங்கே இருந்தாலும் அது பாட்டுக்கு ரெக்கார்டு செய்துகொண்டிருக்கும். காலை நேரத்தைப் பிடித்து வைத்து மதியம் எடுத்துக் கொடுக்கிற வித்தை! எனக்கு இன்னும் அந்த ஆச்சரியம் தீரவில்லை.

ஒரே நிபந்தனை. வீடு வந்து சேரும்வரை யாரும் அவரிடம் ரிசல்ட்டைச் சொல்லிவிடக் கூடாது. தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்துவிட்டுத்தான் போனார்.

மூன்று மணி சுமாருக்கு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். காதைச் சுற்றிக் கர்ச்சீப் கட்டியிருந்தார்.

"டீக்கடை அண்ணன் என்னைப் பாத்ததும் திரும்பி நின்னுட்டார் சார். மூஞ்சியைப் பாத்தாத் தெரிஞ்சிடுமாம்!" அவருக்கு ஒரே பூரிப்பு. "பஸ்ல எங்க ஃபோர்மேன் வாயைத் திறந்தாரு. நான் சத்தமா சர்ச் பாட்டு பாட ஆரம்பிச்சுட்டேன். அவர் வேற சீட்டுக்குப் போயிட்டாரு."

கூட உட்கார்ந்து பார்க்க என்னையும் கூப்பிட்டார். நான் மாடியில் நேரடியாகப் பார்த்து முடித்தவன். ஆனால் மறுக்க முடியுமா? உட்கார்ந்தேன். ஸ்டெல்லா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு சுவரோரம் நின்றார். அவர் முகம் சரியில்லை. ரிசல்ட் தெரிந்ததால் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மேட்ச் ஓடியது. பிடித்த ஷாட்டை நிறுத்தி நிறுத்தி ரசித்தார். விளம்பரத்தை ஓட்டித் தள்ளினார். நாம் ஆடி முடித்து அவர்கள் ஆடத் தொடங்கினார்கள். சேவியர் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தார். கடைசி ஓவர். அவர்களுக்கு இன்னும் பத்து ரன் வேண்டும். பந்துவீச்சாளர் கையில் பந்தைத் தேய்த்துக்கொண்டு திரும்பினார்...

திரை கறுத்துவிட்டது.

சேவியர் ரிமோட்டை அழுத்தினார். தட்டினார். பாக்ஸைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை.

"பென் டிரைவ்ல இடம் தீந்து போச்சுங்க" என்றார் ஸ்டெல்லா. "என் சீரியல் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. அழிச்சு வைக்கணும்னு எனக்குத் தோணலை."

சேவியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு தெருவே அவருக்காகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய விஷயம்!

நான் அவசரமாகப் போனை எடுத்தேன். "அதனால என்ன சேவியர்? ஹைலைட்ஸ் வந்திருக்கும். ஒரு நிமிஷம்..."

"வேண்டாம்ணா. நான் சொல்றேன்" என்றார் ஸ்டெல்லா.

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் சேவியர்.

"ரெக்கார்டு ஆகுதான்னு பாக்க வந்தேங்க. இடம் தீரப்போகுதுன்னு எழுத்து வந்துச்சு. எதையாவது அழிக்கப்போய் மேட்சே அழிஞ்சிட்டா? பயந்துட்டேன். மாடிக்குக் குரல் குடுத்தேன், அண்ணாவுக்கு டிவி சத்தத்துல கேக்கலை. அடுப்பை அணைச்சுட்டு வந்து டிவி முன்னாடி உக்காந்துட்டேன். கண்ணைச் சிமிட்டாமப் பாத்தேங்க. உங்களுக்குச் சொல்லணுமே!"

சேவியர் மெதுவாகத் திரும்பினார். ஸ்டெல்லா தரையில் அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"மொத பந்து. அந்த உயரமான ஆளு ஓங்கி அடிச்சான், படலை. பின்னாடி கையுறை போட்டவரு பிடிச்சுட்டாரு. ரெண்டாவது பந்துக்கு ஒரு ரன் ஓடினாங்க. மூணாவது பந்து..." கையால் தரையில் ஒரு கோடு இழுத்தார். "வேகமா கயித்துப் பக்கம் போகுது. நம்ம பையன் ஒருத்தன் விழுந்து சறுக்கிப் பிடிச்சுட்டான். கூட்டமே கத்துது. ஆனா கால் கயித்துல பட்டுடுச்சு. யாரும் கேக்கலைங்க. அவனே எழுந்து, நாலுன்னு விரலைக் காட்டிட்டான். காட்டிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் அதே பந்தைப் பார்த்தவன்தான். நாலு போனது தெரியும். அந்தப் பையன் தானாக விரல் காட்டியதைப் பார்க்கவே இல்லை. அப்போது நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

"நாலாவது பந்துல அந்த நாலை அடிச்சவன் அவுட். குச்சி பறந்துச்சு. எனக்கே கை தட்டத் தோணுச்சு. அஞ்சாவதுல ரெண்டு ரன்."

"மூணு வேணும். ஒரு பந்து" என்றார் சேவியர், மூச்சே விடாமல்.

ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தோத்துட்டோங்க. நாலு போயிடுச்சு. ஆனா கேளுங்க... பந்து போட்ட பையன் அப்படியே நின்னுட்டான். அம்பயர்கிட்ட அவன் தொப்பி இருந்துச்சு. நீட்டினாரு. அவன் கை நீட்டவே இல்லை. அந்தப் பெரியவரே தொப்பியை அவன் தலையில வச்சு, முதுகுல தட்டிக் குடுத்தாரு. அதுக்கப்புறந்தான் அவன் நடந்தான்."

சேவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோல்விக்காகவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நண்பர்களே, கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்றுகூட அந்த அம்மாவுக்குத் தெரியாது. பிடிக்கவே பிடிக்காத ஒன்றை, பிடித்த மனிதருக்காக, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். வானத்திலிருந்து படம் இறங்குவதும், விரல் நீளத் துண்டுக்குள் அது உட்கார்ந்துகொள்வதும் அதிசயம்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று அந்தத் தரையில் நான் பார்த்தது...?

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது சேவியரின் குரல் கேட்டது.

"அந்த மூணாவது பந்தை இன்னொரு வாட்டி சொல்லேன்."

சொன்னார். ரீப்ளே அல்லவா — இந்த முறை ஸ்லோ மோஷனில்!