வளையல் தடம்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் பேனாவோடு உட்கார்ந்தது கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்திருந்தால் இதில் பாதியைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்று காலை பொரியலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கும் மகள் பக்கத்து அறையில் லேப்டாப் முன்னால் இருந்தாள். நேற்று வேலை எங்கே தடைப்பட்டது, இன்று எதை மாற்றிப் பார்க்கலாம் என்று அவள் குழுவில் ஆளாளுக்குப் பேசியது கேட்டது. முடிந்ததும் வெளியே வந்து, "இது ஒரு தனி முறைம்மா. ஒனக்குச் சொன்னாப் புரியாது" என்றாள். நான் கையில் ஒட்டிய காய்ப்பாலைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். அந்தத் துவர்ப்பு வாடை ஏறியதுதான் தாமதம், சின்னமனூருக்குப் பக்கத்தில் இருந்த வாழைக்காய் ஷெட்டுக்கே போய்விட்டேன்.

வெளிநாட்டுக்குப் போகும் காய் அங்கே வரும். தாரிலிருந்து சீப்பை அறுத்து, பால் கறை போகப் படிகாரத் தண்ணீர்த் தொட்டியில் அலசி, அட்டைப்பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. அதற்கு முன்னால் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பனி மூடிய வளைவுகளில் ஆள்மேல் ஆளாக உட்கார்ந்து, எங்கே உருளுமோ என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே போவோம். அங்கே கிடைத்த ஒரே லாபம் நாலு மலையாள வார்த்தைகள். அவசரத்தில் இன்றைக்கும் என் வாயில் 'சீக்கிரம்' வராது, அவர்கள் மாதிரி 'வேகம் வேகம்' என்றுதான் வரும், மகள் சிரிப்பாள். ஷெட் வந்த பிறகு நடந்து போய் நடந்து வரும் வேலை கிடைத்தது.

சூப்பர்வைசர் ஆண்டிபட்டிக்காரர், எங்களைவிட இளையவர், நல்ல மாதிரி. தினமும் வேலை தொடங்கும் முன் எங்களை வட்டமாக நிற்க வைத்து, நேற்று என்ன தப்பு நடந்தது என்று கேட்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். "எல்லாம் நல்லாத்தான் போகுது தம்பி" என்று பேச்சியக்கா முடித்துவைப்பார். பேச்சியக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, நான் நின்ற மேசைக்குத் தலைவி. அடுத்த மேசைத் தலைவி சரோஜாவின் வீட்டில்தான் பேச்சியக்காவின் மகளைக் கொடுத்திருந்தது. சம்பந்தியம்மாள் மேசையில் காய் கெட்டது என்று காலையில் சொன்னால், சாயங்காலம் மகள் வீட்டில் அடுப்பு எரியுமா? எங்கள் ஷெட்டில் இப்படி யாரைத் தொட்டாலும் இன்னொருவருக்கு உறவு.

வீரபாண்டித் திருவிழா முடிந்து ஒரு மாதம் இருக்கும், அதன் பிறகு அனுப்பிய பெட்டிகளின் படங்கள் வெளிநாட்டில் வாங்குகிறவர்களிடமிருந்து சூப்பர்வைசர் போனுக்கு வந்தன. சீப்புக்குச் சீப்பு கறுத்த பிறைக்கோடுகள். அடுத்த லோடும் இப்படியே இருந்தால் இனி உங்கள் காய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் ஷெட்டைப் பூட்டவேண்டியதுதான். எங்களுக்கு மறுபடியும் ஜீப்.

அன்றும் வட்டத்தில் மௌனம்தான். சூப்பர்வைசர் திட்டவில்லை. சுவரோரம் ஒரு பெஞ்சைப் போட்டார்.

"யாரு மேசைன்னு சொல்ல வேணாம்க்கா. கெட்ட சீப்பக் கண்டா இங்கன வச்சிட்டுப் போயிருங்க. காயப் பத்தி மட்டும் பேசுவோம்."

என்னைப் போன்ற ஊமைக்கு இதைவிட வசதி ஏது? அடுக்கி முடித்த சீப்புகளிலிருந்து சிலதை எடுத்து அங்கே வைத்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தவைதான், போகப் போகக் கறுக்குமோ என்று ஒரு சந்தேகம். ரெண்டு நாள் போனதும் அவற்றில் அந்தப் பிறைகள் எழும்பிவிட்டன. எல்லாரும் கூடிநின்று பார்த்தோம். பூச்சி என்றார் ஒருவர், கத்தி என்றார் இன்னொருவர். பேச்சியக்கா ஒரு சீப்பைத் தூக்கிப் பிடிக்க, அவர் மணிக்கட்டில் கிடந்த கண்ணாடி வளையல் அந்தக் கோட்டில் அப்படியே போய்ப் பொருந்தியது. திருவிழாக் கடையில் எல்லாருமே கை நிறைய வாங்கிப் போட்டிருந்தோம்.

"அடி ஆத்தீ, அம்புட்டுப் பேரும் சேந்துதான் கீறி வச்சிருக்கோமா" என்றார் பேச்சியக்கா. எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கழற்றிவிடலாமே என்றார் சூப்பர்வைசர். சரோஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கட்டுனவன் கல்லு மாதிரி இருக்கையில மொட்டக் கையோட நிக்கச் சொல்றீகளா?"

முதல் ஆளாகச் சம்பந்திக்கு ஒத்துப் பேசியது பேச்சியக்காதான். ரப்பர் கையுறை மாட்டிப் பார்த்தோம், ஈரக் காய் வழுக்கிக்கொண்டு போனது. நான் பேச்சியக்கா காதில், பள்ளிக்கூடச் சாக்ஸின் பாதத்தை வெட்டிவிட்டு வளையலுக்கு மேலே இழுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். உடனே எல்லாரும் மாட்ட வேண்டாம், ஒரு மேசை மட்டும் மாட்டட்டும், ரெண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றார் சூப்பர்வைசர். தன் மேசையே மாட்டும் என்று சரோஜா முன்னால் வந்தாள். சாக்ஸ் போட்ட மேசையின் காயில் தடமே இல்லை. எங்கள் மேசைக் காயில் பிறை பிறையாக இருந்தது.

"எங்களுக்கும் குடுங்க சம்பந்தி" என்று பேச்சியக்கா கையை நீட்டியதை நான் மறக்கவே மாட்டேன்.

அடுத்த லோடை எல்லாரும் சாக்ஸ் மாட்டித்தான் ஏற்றினோம். பதில் வரும்வரை எல்லார் கண்ணும் சூப்பர்வைசர் போன்மேலேயே இருந்தது. போன் வந்ததும் சூப்பர்வைசர் தொட்டி ஓரமாக நடந்து வந்து, "எடுத்துக்கிட்டாக. இன்னும் கேக்குறாக" என்றார்.

அந்த ஷெட் இப்போது இல்லை. முதலாளி பெரிய இடம் பார்த்துப் போய்விட்டார். பெல்ட் ஓடுகிறதாம், கேமராவே காயைப் பார்த்துத் தரம் பிரிக்கிறதாம். நல்லதுதான், வேலையும் சுத்தமாக நடக்கும். ஆனால் பேர் சொல்லாமல் கெட்ட சீப்பை வைக்க ஒரு பெஞ்சும், அதைச் சுற்றி நிற்கச் சம்பந்திகளும் அங்கே ஏது? என் மகளின் குழுவில் யாருக்கும் யாரும் உறவில்லை, பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்கு, 'நேற்று இங்கே தப்பு நடந்தது' என்ற அந்த ஒரு வாக்கியம் வாயிலிருந்து வர அத்தனை பாடு.

போன் வந்ததற்கு மறுநாள் காலை, பெஞ்சில் வேறொரு சீப்பு இருந்தது. காம்பில் பால் கறை. சூப்பர்வைசர் கேட்கும் முன்பே வட்டமாக நின்று அதைப் பற்றிப் பேசினோம்.