ஒரு தடவைதான் சொல்வார் ஆண்ட்ரூஸ்

கார் வைத்திருப்பவர்கள் மீது ஆண்ட்ரூஸுக்கு மரியாதை கிடையாது. சொந்த டிரைவர் லீவு போட்டால் சேலத்தில் பணக்காரர்கள் கூப்பிடுகிற ஆக்டிங் டிரைவர் அவர். ஐம்பத்திரண்டு வயதுக்குள் எத்தனையோ பேருடைய வண்டிகளை ஓட்டிவிட்டார். தன் வண்டியின் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று தெரிந்த முதலாளியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும் என்பார். எருமைக்கு விமானம் வாங்கிக் கொடுத்ததுபோல் இருக்கிறது என்பார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். கேட்டால் சரி, கேட்காவிட்டால் பட்டுக்கொள்ளட்டும். பெங்களூர் ஆம்னி பஸ்ஸில் பதினான்கு வருடம் பார்த்த வேலை அப்படித்தான் போயிற்று. பிரேக்கில் காற்று கசிகிறது என்று மேனேஜரிடம் ஒரு தடவை சொன்னார். மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் பஸ்ஸை ஓரங்கட்டினார், சாவியை டேஷ்போர்டில் வைத்தார், இறங்கி நடந்துவிட்டார். உள்ளே இருந்த பயணிகள் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் முதல் பூசை முடிந்து வெளியே வந்தபோது தீனதயாளனிடமிருந்து போன் வந்தது. குமாரபாளையத்தில் தறி ஓட்டிய குடும்பம். இப்போது சேலத்தில் லுங்கி, துண்டு மொத்த வியாபாரம். புதிதாக ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கியிருந்தார். ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு சக்கரத்துக்கும் மேலே காற்றுப் பை வைத்த வண்டி. பட்டனை அழுத்தினால் ஒட்டகம்போல் எழும், உட்காரும். ஆண்ட்ரூஸ் வாசலுக்கு வந்ததும் தீனதயாளன் அதை நான்கு தடவை எழுப்பி உட்காரவைத்துக் காட்டினார். ஆண்ட்ரூஸ் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். ஆம்னி பஸ்ஸுக்கு அடியிலும் அதே காற்றுப் பைதான். அதில் ஏற்றி இறக்கி யாரும் வித்தை காட்டுவதில்லை.

ஜேடர்பாளையம் அணைக்குப் போய் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். பின்னால் தீனதயாளனின் மனைவி தமிழ்ச்செல்வியும் அம்மா ஜானகியம்மாளும். ஊர் வருவதற்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், ஒரு வெல்ல ஆலைக் கொட்டகைக்கு எதிரே, முன்பக்க இடது டயர் படுத்துவிட்டது. தமிழ்ச்செல்வி கரும்புச்சாறு கேட்டுவருவதாகச் சொல்லிக் கொட்டகைக்குப் போனாள். ஜானகியம்மாள் இறங்கவில்லை.

"சார், இது காத்துல நிக்கிற வண்டிங்க," என்றார் ஆண்ட்ரூஸ். "ஜாக்கி வெக்கறதுக்கு முன்னால ஸ்கிரீன்ல அதுக்குன்னு ஒண்ணு இருக்கும், அதைப் போட்டுடணும். இல்லாட்டி வண்டி தானா அசையும். பெரியம்மாவையும் எறக்கிருங்க."

தீனதயாளன் சிரித்தார். "பஸ் ஓட்டுன ஆளு, இந்த வண்டியப் பத்தி எனக்குச் சொல்றியாக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி. ஏசியில உக்காந்திருக்கட்டும். நீ ஜாக்கியப் போடு."

"நான் போடமாட்டேனுங்க."

"அப்பத் தள்ளி நில்லு."

ஆண்ட்ரூஸ் தள்ளிப் போய் வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். ஒரு தடவை சொல்லியாயிற்று.

காரோடு வந்த ஜாக்கி எப்படி விரியும் என்றே தீனதயாளனுக்குத் தெரியவில்லை. கொட்டகையில் வெல்லம் ஏற்ற வந்திருந்த டெம்போக்காரரிடம் ஒரு ஜாக்கி வாங்கிவந்தார். அதை வைக்கவேண்டிய இடத்தில் வைக்காமல், கதவுக்குக் கீழே பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் வைத்தார். இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டதால் உற்சாகமாகவே ஏற்றினார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் ஒட்டியது. ஆண்ட்ரூஸுக்கு உள்ளுக்குள் மனம் குளிர்ந்தது. காலையில் நான்கு தடவை ஒட்டகம் காட்டிய மனிதர் இப்போது நான்கு காலில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மூலை மட்டும் உயர்ந்ததைக் கார் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டது. புஸ்ஸென்று அந்தப் பக்கத்துக் காற்றை விட்டது. பிறகு மற்ற மூலைகளைச் சரிசெய்யப் பார்த்தது. வண்டி ஒரு சாண் பின்னால் நகர, ஜாக்கி சாய்ந்து பட்டையைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தது. கார் தொப்பென்று விழுந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தாலும் சக்கரத்தைக் கழற்றவில்லை. அதனால் அது தாங்கிக்கொண்டது. ஜாக்கியைப் பிடித்திருந்த கையைத் தீனதயாளன் அப்போதுதான் எடுத்திருந்தார். உள்ளே ஜானகியம்மாள் "சாமி" என்று அலறியது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

தமிழ்ச்செல்வி சாறு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். மாமியாரைப் பிடித்து இறக்கி மரத்தடிக் கல்லில் உட்காரவைத்தாள். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்கிரீனில் மூன்று இடத்தைத் தொட்டாள். ஜாக்கி படம் ஒன்று எரிந்தது. வண்டி அசைவற்று நின்றது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் தீனதயாளன்.

"புத்தகம் குடுத்தாங்கள்ல, படிச்சேன். நீங்க அதுக்குப் பொட்டு வெச்சுப் பீரோவுல பூட்டிட்டீங்க." ஆண்ட்ரூஸ் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் இது தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. சொன்னேன்."

"எத்தனை வாட்டி?"

"ஒரு வாட்டிங்க."

"உள்ள எழுபத்தாறு வயசு மனுஷி உக்காந்திருக்கறப்ப ரெண்டாவது வாட்டி சொன்னா வாய் தேஞ்சிருமா? இல்ல, கதவத் தொறந்து கூப்பிட்டிருந்தா கை தேஞ்சிருமா?"

ஆண்ட்ரூஸை ஏற இறங்கப் பார்த்தாள். இப்படிப்பட்ட பார்வையை அவர் நிறையப் பேர் மீது வீசியிருக்கிறார்; ஒருவரிடமிருந்தும் வாங்கியதில்லை. அவள் கணவனைப் பார்த்ததும் அவரைப் பார்த்ததும் ஒரே பார்வையாக இருந்ததுதான் பொறுக்கவில்லை.

"மாட்டுங்க," என்றாள். ஆண்ட்ரூஸ் ஜாக்கியைச் சரியான இடத்தில் வைத்து, கால்மணி நேரத்தில் ஸ்டெப்னியை மாட்டினார். சாவிக்காகக் கையை நீட்டியபோது அவள் தரவில்லை. "நீங்க பின்னால ஏறுங்க."

ஜானகியம்மாளுக்குப் பக்கத்தில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். முன்னால் தீனதயாளன் ஜன்னலையே பார்த்துவந்தார். அவள் ஓட்டுவதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கவேண்டும் என்று ஆண்ட்ரூஸ் வழியெல்லாம் தேடினார். அணைக்குத் திரும்பும் இடத்தில் இண்டிகேட்டர் போடாமல் திருப்பினாள். அது போதுமாக இருந்தது. மீன் சாப்பிடும்போதும், சேலம் திரும்பும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டிலிருந்து பிறகு அழைப்பு வரவில்லை.

மறுநாள் கார் ஸ்டாண்டில், கூட ஓட்டுகிற சேவியர்ராஜிடம் கதையைச் சொன்னார். தீனதயாளன் ஜாக்கி வைத்த அழகை அபிநயத்தோடு நடித்துக் காட்டினார். சேவியர்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம், "அந்தப் பெரியம்மா உள்ளயா இருந்துச்சு?" என்றார்.

"ஆமா."

"அப்ப நீ எங்க இருந்தே?"

"மரத்தடியில."

சேவியர்ராஜ் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வேறு ஏதோ பேசத் தொடங்கினார். என்ன மட்டமான ரசனை என்று ஆண்ட்ரூஸ் நினைத்தார். அதன் பிறகு அந்தக் கதையைப் பலரிடம் சொன்னார். அதில் காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.