சாக்கின் வாய்

ரங்கூன் துறைமுகத்தில், கொழும்புக் கப்பலுக்காக வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நிற்கிறேன். எல்லாம் எங்கள் தீவுக்குப் போகிறவை. எங்கள் ஊரில் வெங்காயம் விளைந்த நிலமெல்லாம் வருடா வருடம் புகையிலைக்குப் போகிறது. இப்போது கப்பல் வந்தால்தான் குழம்பு. வருகிற மூட்டையிலும் பாதி அழுகல். ரங்கூன்காரரை நான் திட்டாத நாளில்லை.

தமிழ்ப் பெண்கள் ஐந்தாறு பேர் வெங்காயத்தைத் தரம் பிரிக்கிறார்கள். கட்டைவிரலால் அதன் கழுத்தை அமுக்குகிறார்கள், அமுங்கினால் அழுகல். மேஸ்திரி வந்து, அழுகலைச் சாக்கின் அடியில் போட்டு நல்லதை மேலே பரப்பச் சொல்கிறார். கப்பல் குமாஸ்தா சாக்கின் வாயை மட்டும்தான் பார்ப்பாராம்.

மாரியம்மாள் என்பவள் தன் சாக்கைக் கவிழ்க்கிறாள். நல்லதை அடியில் போட்டு, அழுகலை மேலே குவிக்கிறாள்.

"இன்னிக்கு உனக்குக் கூலி கிடையாது, போ!" என்று கத்துகிறார் மேஸ்திரி.

"போறேன். குமாஸ்தா வந்து பாத்ததும் போறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கட ஊரில ஆர் தின்னுறது எண்டு உங்களுக்குத் தெரியாது. பிறகேன் அம்மா கூலியை விடுறீங்கள்?"

"யாரு தின்னா எனக்கென்னங்க? அமுக்கிப் பாத்தது என் கட்டைவிரலு."

குமாஸ்தா பென்சிலோடு வருகிறார். மேஸ்திரி ஓடிப்போய் மாரியம்மாளின் சாக்கை மறைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் சாக்குகளைக் கவிழ்க்கிறார்கள்.