பூமுடியா, மொட்டையா

என் மகளின் பாஸ்போர்ட் அம்மா வீட்டுப் பீரோவில், என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. என்னுடையதும் அதன் பக்கத்திலேயே. இரண்டும் நீலம்தான், சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அவளுடையதைக் காட்டினால் அமெரிக்காவுக்குள் விடுவார்கள். என்னுடையதைக் காட்டினால் இப்போதைக்கு விடமாட்டார்கள்.

அவள் பாஸ்போர்ட் படத்தில் நெற்றியை மறைத்துக்கொண்டு முடி விழுந்திருக்கும். கோச்சடையில் எங்கள் தெருமுனை ஸ்டுடியோவில் எடுத்தது. வெள்ளைத் துணியை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வேறு யார் கையும் தெரியக் கூடாது. ஸ்டுடியோக்காரர் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். அவள் என் பக்கமே திரும்பினாள். கடைசியில் நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தப் படத்தில் அவள் பார்த்துக்கொண்டிருப்பது என்னைத்தான்.

நான் அமெரிக்காவுக்கு முதுகலை படிக்கப் போனவள். என் கணவரை அங்கேதான் பார்த்தேன். அவருடைய பெற்றோர் கீழக்குயில்குடிப் பக்கத்துக்காரர்கள். அவரைச் சிறுவயதிலேயே அழைத்துப் போய்விட்டார்கள், அவர் அந்த நாட்டுக் குடிமகன். ஒரு அரசு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். ஊருக்கு வந்து திரும்பிய ஒருவர் கையில் அம்மா தாலியைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அலுவலக வாசலில் நின்று என் கணவர் கட்டினார்; போனில் பார்த்துக்கொண்டே அம்மா இங்கிருந்து குலவை போட்டாள்.

குடிமகனைக் கட்டிக்கொண்டால் நிரந்தரமாகத் தங்குவது சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். சுலபம்தான், அங்கேயே இருந்தால். விண்ணப்பம் போட்டோம். அதற்கு முடிவு வரும்வரை வெளிநாடு போவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் எழுதிப் போட்டோம். அது வருவதற்குள் எனக்கு ஏழாம் மாதம் வந்துவிட்டது.

"தலப்பிரசவம் தாய் வீட்லதான்" என்றாள் அம்மா. "வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு. பிள்ளயப் பெத்துக்கிட்டு மூணாம் மாசம் போயிரு. யாரு புடிச்சு வைக்கப் போறா?"

விண்ணப்பித்துவிட்டோம், அனுமதி பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்தோம். என் மாணவர் விசாவிலும் காலம் மிச்சமிருந்தது. இன்னும் தாமதித்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்ற பயம் வேறு. கிளம்பி வந்தேன். அனுமதி கைக்கு வருமுன் கிளம்பினால் நிரந்தர வசிப்புக்கான விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்பது, கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தபோது எங்களுக்குத் தெரியாது.

பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போனில் பேசினோம், அவரும் தமிழர்தான். பொறுமையாகச் சொன்னார். "பழைய மாணவர் விசாவுல திரும்பி வரப் பாக்காதீங்கம்மா. புருஷன் இங்க இருக்காரு. படிக்கத்தான் வர்றேன், படிச்சுட்டுப் போயிருவேன்னா எந்த அதிகாரி நம்புவாரு? சுற்றுலா விசாவும் அப்படித்தான். மனைவிங்கிற முறையில மும்பைத் தூதரகத்துல நேர்காணலுக்குக் கூப்பிடுவாங்க. அதுதான் வழி." எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். "அதச் சொன்னா நான் பொய் சொல்றவனாயிருவேன்" என்றார்.

அப்படித்தான் மூன்று மாதத்துக்கு வந்தவள் தங்கிப்போனேன். என் குளிர்கோட்டு அங்கே என் கணவரின் அலமாரியில் தொங்குகிறது. பல்கலைக்கழகம் இன்னமும் எனக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது: கடும் பனி, இன்று வகுப்புகள் இல்லை. மாடியில் மொடமொடவென்று காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டே அதைப் படிப்பேன். தெருவில் யாரைப் பார்த்தாலும், "மாப்ள எப்ப வாராரு?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைகைக் கரைப் பக்கம் ஆளில்லாத சந்துகளிலேயே நடப்பேன். வந்திருக்கவே கூடாதோ என்று நினைப்பேன். வராமலிருந்தால் அம்மா தாங்கியிருப்பாளா என்றும் நினைப்பேன்.

மகளுக்குப் பத்து மாதம் முடிந்தபோது அவர் ஒன்றரை மாத விடுப்பில் வந்தார். முதல் வாரமே மூவரும் சென்னைத் தூதரகம் போனோம். அப்பா குடிமகன் என்பதால் பிள்ளையும் பிறக்கும்போதே குடிமகள். தாள்கள் சரியாக இருந்தன, பாஸ்போர்ட் வீட்டுக்கே வந்துவிட்டது. மதுரையில் பிறந்தவள் மதுரையை விட்டுப் போக நம் அரசாங்கத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதையும் வாங்கினார். எதற்கு இத்தனை அவசரம் என்று நான் கேட்கவில்லை.

மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். "இவள நான் கூட்டிட்டுப் போறேன். அங்க எங்கம்மா இருக்காங்க, பாத்துப்பாங்க. உனக்கு விசா வந்ததும் நீ வா."

தனியாக இருக்கும்போது நான் அவரை 'நீ' என்றுதான் சொல்வேன். "வரலன்னா?"

"வரும்."

"போன தடவயும் வரும்னுதான் சொன்ன."

அவர் ஒரு குட்டிச் சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தார். "அவ குப்புற விழுந்தத நான் போன்ல பாத்தேன். உக்காந்தத போன்ல பாத்தேன். நடக்குறதயாவது நேர்ல பாக்கணும்."

அன்று நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நான் பேசாமலிருந்ததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டார்.

"குலசாமிக்கு முடி எறக்காம பிள்ள கடல் தாண்டக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவர் தயங்கினார். போட்டோவில் இவ்வளவு முடி, நேரில் மொட்டை என்றால் விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்களோ என்று அவருக்குப் பயம். தாய் இல்லாமல் கைக்குழந்தையோடு போகும் ஆம்பிளை வேறு. அம்மா யோசித்து வழி சொன்னாள். "பூமுடி குடுத்துருவோம் மாப்ள. கத்தரியில மூணு எடத்துல துளி துளியா எடுத்தாப் போதும், சாமி ஏத்துக்கும். மொட்டைய அடுத்த வருசம் போட்டுக்கலாம்." பூமுடி என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை காலை மாட்டுத்தாவணியில் மாலை வாங்கிக்கொண்டு என் தம்பி வந்தான். கீழக்குயில்குடி மலையடியில் கோயில். தாய்மாமன் என்று தம்பி சம்மணமிட்டு உட்கார்ந்தான், மடியில் மகள். முடி எடுப்பவர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தார்.

"பாத்துண்ணே" என்றான் தம்பி. "இது வெளிநாட்டுப் பிள்ள. கீறல் பட்டா ரெண்டு நாட்டுக்கும் சண்ட வந்துரும்."

"எந்த நாட்டுப் பிள்ளையா இருந்தாலும் நம்ம கையில அழுதுட்டுத்தான் போகும்" என்றார் அவர். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "பூமுடியாம்மா, மொட்டையா?"

என் கணவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா வெற்றிலையை எண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மொட்டை" என்றேன்.

"யக்கா, போட்டோ..." என்றான் தம்பி. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் தோளைத் தொட்டாள். அவன் பேச்சை நிறுத்தினான். என் கணவரின் கையிலிருந்த போன் மெல்லக் கீழே இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடி எடுப்பவர் கத்தியைத் தொடாமல் காத்திருந்தார்.

"அவங்க சொன்ன மாதிரியே பண்ணுங்கண்ணே" என்றார் என் கணவர்.

அவள் கோயிலே அதிரும்படி அழுதாள். முடித்ததும் சந்தனத்தைக் குழைத்து என் கணவர்தான் பூசினார், காதோரம் வரைக்கும், ஒரு இடம் விடாமல். அவள் அழுகையை நிறுத்தி, தன் தலையைத் தொட்டு, விரலில் ஒட்டிய சந்தனத்தை வாயில் வைத்துக்கொண்டாள்.

காரில் வரும்போது, "முடி வளரட்டும்" என்றார். மொட்டை போட்ட குழந்தையை எந்த ஊரிலும் விமானத்திலிருந்து இறக்கிவிட மாட்டார்கள். எனக்கு அது தெரியும். தாள்களையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை படிக்கிற அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. தன் டிக்கெட்டில் மட்டும் கிளம்பிப் போனார். விமான நிலையத்தில் நான் அம்மாவுக்கு முன்னால், "பாத்துப் போங்க" என்றேன்.

மும்பையிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. தினமும் போனில், "தலயக் காட்டு" என்கிறார். நான் பிள்ளையின் தலைப் பக்கம் போனைச் சாய்க்கிறேன். முதலில் நிழல் மாதிரி இருந்தது, அப்புறம் உள்ளங்கையில் குத்தியது. சீக்கிரம் வளர வேண்டுமென்று அம்மா விளக்கெண்ணெய் தேய்க்கப் போனால், "வேணாம்மா, தானா வளரட்டும்" என்று கிண்ணத்தை வாங்கி வைத்துவிடுவேன்.

நேற்று மகள் சுவரை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தாள். அவர் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும் நேரம். படம் எடுத்து அனுப்பினேன். அங்கே விடிந்ததும் கூப்பிட்டார். "பாத்தேன்" என்றார். "நல்லா நடக்குறா." தலையைக் காட்டச் சொல்வார் என்று போனைச் சாய்த்துப் பிடித்தேன். அவர் கேட்கவே இல்லை.

இன்று காலை அம்மா குளிக்கப் போயிருந்தபோது விளக்கெண்ணெயை நானே எடுத்துச் சூடு செய்தேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, உச்சியிலிருந்து நெற்றி வரைக்கும் தேய்த்தேன்.