கல்யாணத்துக்கு முன் வெயிலை அளந்தோம்

பிற்பகல் இரண்டு மணிக்கு, மலேசியாவின் கடலோர ஊரான கோலசிலாங்கூரில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை சூட்டில் விரிந்து 'டக், டக்' என்று சத்தம் போடும். அக்காவைப் பெண் பார்க்க வந்த கலும்பாங் சம்பந்தி அந்தச் சத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "இந்த வெயில்ல பொண்ணோட மேக்கப் தாங்காது சம்பந்தி, கல்யாணத்த எங்க ஊர்லயே வெச்சுக்குவோம்லா" என்றார். மகள் கல்யாணம் தான் வேலை பார்த்த எஸ்டேட் கோயில் மண்டபத்தில்தான் நடக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். கடைசியில், மூன்று நாள் இரண்டு ஊரிலும் வெப்பமானி வைத்து அளப்பது, குளிர்ந்த ஊரில் கல்யாணம் வைப்பது என்று இரண்டு பெரிய மனிதர்களும் சின்னப்பிள்ளைகள் மாதிரிப் பந்தயம் கட்டிக்கொண்டார்கள்.

ஆறாம் வகுப்பில் இருந்த நான் பள்ளி அறிவியல் அறையிலிருந்து ஒரு வெப்பமானியைக் கெஞ்சி வாங்கி வந்தேன். கல்யாணக் காரியத்துக்கு வந்த பொருளாயிற்றே என்று அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, 'சாமி மேடை'யில் எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் சாத்திவிட்டார். இரண்டு மணிக்குக் கலும்பாங்கிலிருந்து போன் வந்தது. மூக்குக்கண்ணாடி கிடைக்காத அப்பா, "நீ பாத்து சொல்லும்மா" என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்து, வகுப்பில் ஒப்பிப்பதுபோல் உரக்க, "நாற்பத்தாறு!" என்றேன். போனுக்குள்ளிருந்து வந்த சிரிப்பு அடுப்படிவரை கேட்டது. விளக்கு விஷயம் தெரிந்த பிறகும் சம்பந்தி விடவில்லை. "சாமி மேடையிலயா கல்யாணம் வைக்கப் போறீங்க?" என்று மறுபடி சிரித்தார். அப்பா என்னைத் திட்டவில்லை, சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் வெப்பமானியை மாமர நிழலில் கட்டினோம். கடற்காற்று கைகொடுத்தது. எங்களுக்கு முப்பத்தொன்று, கலும்பாங்கில் முப்பத்து நான்கு. அப்பா இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே சம்பந்தி போன் போட்டு, "இங்க இருபத்து மூணுதான்லா, அங்க எவ்ளோ?" என்றார். இங்கே இருபத்தைந்து.

ஒன்றும் புரியாமல் அறிவியல் ஆசிரியையிடம் ஓடினேன். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் இரண்டு ஊருக்கும் சூரியன் வெயிலை ஒரே பங்காகத்தான் போடுகிறது, ஆனால் கடல் மெல்லச் சூடாகி மெல்ல ஆறும், கலும்பாங் மாதிரி உள்நாட்டு நிலம் சட்டென்று காய்ந்து சட்டென்று குளிர்ந்துவிடும், உலகம் முழுக்க இதே கதைதான் என்றார் அவர். வீட்டுக்கு வந்து இதை ஒப்பித்ததும் தீர்ப்பு தானாக வந்தது: காலையில் கலும்பாங்கில் தாலி, மதியம் கோலசிலாங்கூரில் விருந்து.

இரண்டு ஊரையும் அளந்த நாங்கள், நடுவிலிருந்த இரண்டு மணி நேரச் சாலையை அளக்க மறந்துவிட்டோம். 'ஏர்கோன்' வேலை செய்யாத பஸ்ஸில் அக்காவின் மேக்கப் முழுவதும் மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையில் இறங்கிவிட்டது.

அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். அப்பாவும் இல்லை, சம்பந்தியும் இல்லை. எந்த ஊரில் எத்தனை டிகிரி என்று கைப்பேசியே சொல்லிவிடுவதால் சண்டைக்கும் வழியில்லை. போன வாரம் அக்கா கலும்பாங்கிலிருந்து அழைத்து, "உங்க ஊர்ல எப்படித்தான் இருக்கீங்களோ, எங்க ஊரு காலையில என்னா ஜில்லுனு இருக்கு தெரியுமா!" என்றாள். அதைக் கேட்க அப்பா இல்லையே என்று, அவர் போன பிறகு முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.